பால் சேர்க்காத ஐஸ்

1

எங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறப்பவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகத் திறக்க வேண்டும். வாழைப்பழம் காலில் விழும். தோலை உரித்து, வட்டவட்டமாக நறுக்கி, பைகளில் கட்டி வைத்து, கல்லாக உறைந்து கிடக்கிற வாழைப்பழம். மீன் வைக்க இடமில்லை என்று என் மனைவி ஜெனிட்டா கத்துவாள். அவள் இங்கே அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இந்த நாட்டில் இருக்கிறோம். நான் அவளைச் 'சார்ந்திருப்பவர்' என்று காகிதத்தில் எழுதப்பட்டு விமானம் ஏறியவன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாழைப்பழத்துக்குக் காரணம் மகள் ஆன். பதினாறு வயது. பால் குடிப்பது கன்றுக்குட்டியிடமிருந்து திருடுவது என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். அன்றிலிருந்து பால், தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம் எதுவும் கிடையாது. கேரளத்து மலையில் சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் பால் ஊற்றியே பிள்ளை வளர்த்த ஒரு மனிதரின் பேத்தி இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் பெற்றவர்கள் கூடிக் கெஞ்சியும் பிரயோஜனமில்லை. சரி, இதற்கு ஒரு வழி பண்ணுவோம் என்று பாலில்லாத ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டேன்.

செய்முறை ரொம்பச் சுலபம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். நறுக்கின துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஒரு பகல் முழுக்க உறைய விட வேண்டும். பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். முதலில் புட்டு மாவு மாதிரி உதிரியாக வரும். இதற்கா இந்தப் பாடு என்று தோன்றும். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டினால், சட்டென்று திரண்டு வழுவழுவென்று ஆகிவிடும். சீனி வேண்டாம், பால் வேண்டாம், ஒரு கல் உப்பும் இரண்டு ஏலக்காயும் போதும். மாம்பழமோ பேரீச்சம்பழமோ சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். சாப்பிடுகிறவர்கள் பாலில்லை என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு பெரிய மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தோடு எழுந்து நின்று உறுதிமொழி சொன்னோம். இந்த நாட்டுக் குடிமக்கள் ஆனோம். வீட்டுக்கு வந்ததும் ஜெனிட்டா கேக் வாங்கலாம் என்றாள். கேக்கில் வெண்ணெய் இருக்கிறது என்று மகள் மறுத்துவிட்டாள். அதனால் ஆளுக்கொரு கிண்ணம் வாழைப்பழ ஐஸ் சாப்பிட்டு அந்த நாளைக் கொண்டாடினோம். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே முடியாத ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் அப்பா பெயர் சவரிமுத்து. ஏலக்காட்டுத் தொழிலாளி. கூடவே ஒரு பசு வைத்திருந்தார். விடிவதற்குள் கறந்து, கங்காணி வீட்டுக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் சர்ச் சாமியார் வீட்டுக்கும் பால் ஊற்றிவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். கடைசியில் பாத்திரத்தில் மிஞ்சுகிற பாலில் அவருக்கு ஒரு லோட்டா சாயா. அதில் யாருக்கும் பங்கு கிடையாது. பெற்ற பிள்ளை கேட்டாலும் முறைப்பார். பாலைப் பற்றி அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்ப்பார், அது வழிகிற விதத்தைப் பார்த்தே எத்தனை தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எங்கள் ஆட்களுக்குப் பொருத்தனை என்று ஒரு பழக்கம் உண்டு. மலையாளத்தில் நேர்ச்சை என்பார்கள். ஒன்று நடக்க வேண்டுமென்றால், பிடித்த ஒன்றை அது நடக்கிற வரைக்கும் விட்டுவிடுவதாக, வழியோரச் சிலுவைக் கோயிலான குருசடியில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எஸ்டேட் வரிசை வீடுகளில் எங்களுக்கு எதிர் லயத்து அக்கா ஒருத்தி, மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் மீன் தொடாமல் இருந்தாள். நடந்து முடிந்ததும் விட்ட பொருளையே வாங்கிக் குருசடி முன்னால் வைத்து, நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுத் தானும் சாப்பிடுவார்கள். பிடிக்காத ஒன்றை விடுவது பொருத்தனையில் சேராது. நடுவில் மீறினால் யாருக்காகச் செய்தோமோ அவர்கள் தலையில்தான் விடியும் என்று ஒரு பயமும் உண்டு.

நாங்கள் அயர்லாந்துக்குக் கிளம்பின அன்று ஜீப் குருசடியில் நின்றது. எல்லாரும் இறங்கி மெழுகுதிரி கொளுத்தினோம். அப்பா புனித அந்தோணியார் சிலை முன்னால் போய் நின்று, "இவன் திரும்பி வந்து நம்ம ஊர்லயே இருக்கிற வரைக்கும் என் நாக்குல பால் படாது" என்றார். அவ்வளவுதான், ஜீப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். என் தங்கை ஸ்டெல்லா அழுதாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்து, போடியிலோ பூப்பாறையிலோ ஒரு இடம் வாங்கி வீடு கட்டுவது என்றுதான் அன்றைக்கு எங்கள் எல்லாருடைய பேச்சும் இருந்தது. நாலு வருஷம் பால் குடிக்காவிட்டால் மனிதன் செத்தா போவான்?

பிறகு மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். ஜெனிட்டாவுக்கு வார்டில் பொறுப்பு கூடியது. இந்த வருஷம் முடியட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனோம். புலம்பெயர்ந்த வீடு ஒவ்வொன்றிலும் ஓடுகிற பாட்டுத்தான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே அப்பா தினமும் கறந்து, தினமும் ஊர்வலம் மாதிரி வீடு வீடாக ஊற்றி, தான் மட்டும் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். காலில் வலுப் போன பிறகுதான் பசுவை விற்றார். லீவில் போகிறபோது எனக்குப் பால் சாயாவும் அவருக்குக் கட்டனுமாக ஸ்டெல்லா கொண்டுவந்து வைப்பாள். அதான் வந்துட்டேனே, குடிங்கப்பா என்பேன். "லீவுக்கு வர்றதெல்லாம் வர்றதாடா? விருந்தாளியும்தான் வர்றான்" என்பார்.

3

அப்பாவுக்கு அடிநாக்கில் புண் வந்தது. ஆறாத புண். கதிர்வீச்சு கொடுத்தார்கள், ஊரில் சொல்வது போல் 'கரண்டு' வைத்தார்கள். புண் சுருங்கியது, ஆனால் வாய் முழுக்க வெந்து போயிற்று. சூடு ஆகாது, காரம் ஆகாது, புளிப்புப் பட்டால் துடித்துப் போவார். எச்சில் சுரப்பதில்லை. கஞ்சிகூட இறங்காமல் தொண்டையிலேயே நிற்கும். குளிர்ச்சியாக ஏதாவது கொடுத்துப் பாருங்கள் என்று தீராத நோய்க்காரர்களைக் கவனிக்கப் பஞ்சாயத்திலிருந்து வீடு தேடி வருகிற பாலியேட்டிவ் சிஸ்டர் சொன்னார். ஸ்டெல்லா பஜாருக்கு ஓடிப்போய்க் கப் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். அப்பா மூடியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா அதே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறாள். அவள் பெயரில் உள்ள லயத்து வீட்டில்தான், அவள் பிள்ளைகளோடு, அப்பா இருக்கிறார். அவள் புருஷன் ஜீப் ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. சாயந்தரம் காட்டிலிருந்து வந்து கை கழுவினதும் எனக்கு வீடியோவில் வருவாள். இங்கே நான் வேலை செய்கிற சமையற்கட்டில் மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். பாலில்லாமல் ஐஸ் செய்யலாம் என்று நான் சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறவளைப் போலத்தான் பார்த்தாள்.

எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். எட்டாத தூரத்திலிருந்து எதற்கும் உதவாதவனாக இருந்தவனுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. இங்கே வாழைப்பழம் என்றால் ஒரே பழம்தான், நம் ஊரில் எத்தனை. பூவன் புளிக்கும், அப்பா வாய் எரியும். நேந்திரன் மாவாக நிற்கும். ரோபஸ்டா வாங்கு என்றேன். அவளுடைய ஃபிரிட்ஜில் மேலே ஒரு சின்னப் பெட்டி, அதில் தட்டு நுழையவில்லை. டிபன் பாக்ஸ் மூடியில் பரப்பச் சொன்னேன். மழைக்குக் கரண்டு போய், உறைந்த பழம் இளகித் தண்ணீர் விட்டு, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை மிக்ஸி சூடாகி நின்றுவிட்டது. விட்டு விட்டு ஓட்டு என்று நான் இங்கிருந்து கத்த, எனக்கும் கண் தெரியும் என்று அவள் அங்கிருந்து கத்த, அது ஒரு கூத்து.

கடைசியில் திரண்டது. அப்படி ஒரு வழுவழுப்பு என் கையில்கூட வந்ததில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. ஸ்டெல்லா குழந்தை மாதிரிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள். அப்பா கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனில் என்னைப் பார்த்தார்.

"பால்காரனுக்கே பாலா?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

பழம்தான் என்று நாங்கள் இருவரும் மாதா மேல் சத்தியம் செய்தோம். நகத்தில் வைத்துப் பாருங்கள் என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். அந்த வெள்ளையே அவருக்கு ஆகவில்லை. வெள்ளையாக இருக்கிற எதையும் என்னிடம் கொண்டுவராதே என்று சைகை காட்டிவிட்டார். எங்கள் கெட்டிக்காரத்தனமே எங்களுக்கு வினையாகப் போயிற்று.

ஆக, அதைக் கெடுக்க வேண்டும். நன்றாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவனே, கெடுக்கவும் கற்றுக்கொடுத்தேன். நறுக்கின பழத்தை உடனே உறைய வைக்காமல் கறுக்க விடு. வழுவழுப்பாகிற வரை ஓட்டாதே, புட்டு மாவு பதத்திலேயே நிறுத்து. பழுத்த பப்பாளியைச் சேர், நிறம் மாறும். அப்பா கண் முன்னாலேயே தோலை உரி, அவரையே மிக்ஸி பட்டனை அமுக்கச் சொல். காவி நிறத்தில், கட்டியும் முட்டியுமாக, பார்க்கச் சகிக்காத ஒரு பண்டம் வந்தது. அப்பா நகத்தில் ஒரு துளி வைத்து இளக விட்டுப் பார்த்தார். நார் தெரிந்தது. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்திருந்தார். பிறகு இன்னொரு கரண்டிக்கு வாய் திறந்தார்.

இங்கே சமையற்கட்டில் பாத்திரம் துலக்குகிற இடத்தில் நின்று நான் அழுதேன். என்ன ஆயிற்று என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். என் அப்பா ஐஸ் சாப்பிட்டார் என்றேன். அதில் அழ என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

4

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில். விழுங்க முடியாதவர்களுக்கு உணவை அரைத்து, பதம் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. கேரட்டை மசித்து மறுபடி கேரட் வடிவத்திலேயே அச்சில் வார்க்கிறோம், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று. சாதாரண ஐஸ்கிரீம் வாயில் தண்ணீராக இளகிப் புரை ஏறும். வாழைப்பழ ஐஸ் இளகினாலும் கெட்டியாகவே நிற்கும். இதெல்லாம் எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்கள். ஊரான் அப்பன்களுக்கெல்லாம் வேளாவேளைக்குப் பதம் பார்த்து ஊட்ட நான் இருக்கிறேன். என் அப்பனுக்குக் காட்டு வேலை முடித்து வருகிற தங்கச்சிதான். இதை நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரிவதில்லை.

போகலாம் என்று பார்த்தால், குடிமகன் ஆனதில் இன்னொரு சிக்கல். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாகிவிட்டது. பிறந்த ஊருக்குப் போக இப்போது நான் வெளிநாட்டுக்காரனாக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையதளம் என் போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியது. காது தெரிகிற மாதிரி அனுப்பினால் பின்னணி வெள்ளையாக இல்லை என்றது. அப்பா பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவர் பிறந்தது பெருமழை பெய்த வருஷம் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. இதெல்லாம் எப்படியாவது முடிந்து போனாலும் கிடைப்பது சில நாள் லீவுதான், மறுபடி விருந்தாளிதான்.

அப்பா சில நாள் நன்றாகச் சாப்பிட்டார். பழ ஐஸில் வயிறு குளிருமே தவிர உடம்பு ஏறாது என்று சிஸ்டர் எடை பார்த்துச் சொல்லியிருக்கிறார். சத்து வேண்டும், பால் பொடி இரண்டு கரண்டி கலந்து கொடுங்கள் என்றிருக்கிறார். அவருக்குப் பொருத்தனை கதை தெரியாது. சொன்னதில் தப்பும் இல்லை. நிலக்கடலை அரைத்துச் சேர்த்தால் தொண்டையில் ஒட்டுகிறது, முட்டை வாடை ஆகவில்லை. ஸ்டெல்லா என்னிடமும் சொல்லாமல் பால் பொடியைக் கலந்துவிட்டாள். பப்பாளி நிறத்தில் அது தெரியவில்லை. அப்பா முன்னைவிட விரும்பிச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டும் வாங்கினார். அண்ணே, அப்பா கன்னம் கொஞ்சம் பூசின மாதிரி இருக்குண்ணே என்று அவள் சொன்னபோது, என் கைமணம் என்று நான் வேறு பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் கரண்டியிலிருந்து ஒரு துளி அவர் கையில் சிந்தியிருக்கிறது. சும்மா கிடக்கிற கை, பழக்க தோஷத்தில் கட்டைவிரல் நகத்துக்குப் போயிருக்கிறது. இளகி ஓடின தடத்தில் வெள்ளையாக ஒரு கோடு நின்றிருக்கிறது. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தாராம். ஸ்டெல்லாவைத் திட்டவில்லை. எனக்கு உடனே போன் போடச் சொன்னாராம்.

நான் வேலையில் இருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "ஒனக்கு ஒண்ணும் ஆகலயே? பிள்ள நல்லா இருக்கா? ரெண்டு நாளைக்கு வண்டி எடுக்காத. தெரியாமத் தின்னுப்புட்டேன்டா" என்றார். நன்றாக இருக்கிறேன் என்று கையைக் காலைக் காட்டினேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. அன்றிலிருந்து ஸ்டெல்லா கையால் எதுவும் வாங்கவில்லை. தண்ணீர் மட்டும், அதுவும் செம்பிலிருந்து தானே ஊற்றிக் குடித்தார்.

5

பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்தார். தெரியாமல் சாப்பிட்டதில் பாவமில்லை என்றார். அந்தப் பொருத்தனையிலிருந்து விடுவிக்கத் தமக்கு அதிகாரம் உண்டு, இப்போதே விடுவிக்கிறேன், அதற்குப் பதில் ஒரு ஜெபமாலை சொல்லுங்கள் போதும் என்றார். அப்பா கும்பிட்டார். உங்கள் பேச்சை மீறுகிறேன் என்று நினைக்காதீர்கள் சாமி, அவன் வருகிற வரைக்கும் என்று சொல்லிவிட்டேனே என்றார். சாமியார் ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றும் சாப்பிடவில்லை.

ஸ்டெல்லா தோற்றுப்போய்விட்டாள். அப்பாவைக் கொல்லப் பார்த்தவள் தான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "நீ ஒரேயடியா வர்றன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே. பொய்யாவே இருக்கட்டும். வந்த மாதிரியே நெனச்சுக்கிட்டு வாயத் தொறப்பாரு." நானும் சரி என்றேன். என்ன சொல்வது, எந்த மாதம் என்று சொல்வது என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் எதிரில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாத்தாவிடம் அவள் பேசுவது 'தாத்தா, சாப்டாச்சா' என்பதோடு முடியும். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை, அவரிடம் ஆங்கிலம் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, நாம் திரும்பிப் போகப் போகிறோமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அது தாத்தாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன்.

"அப்படியானால் அவர் எதற்காகக் காத்திருக்கிறார்?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்கு என்ன தெரியும், எங்கள் ஊரைப் பற்றி, எங்கள் ஆட்களைப் பற்றி என்று கத்தினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். 

மறுநாள் மதியம் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. தயாராக வைத்திருந்த பொய்யோடு, அப்பா, நான் ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிந்தது.

"வர்றேன்னு வாயால சொல்லாதடா. வந்து நில்லு. நீ வந்து நிக்கிற வரைக்கும் நான் தாங்கிக்கிருவேன்."

பொய் சொன்னாலும் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வருகிறேன் என்று சொன்னால், நான் போய் நிற்கிற வரைக்கும் இப்படியே தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடப்பார். நாலு வாரம்கூடத் தாங்காத உடம்பு அது. நம்பிக்கை ஒன்றுதான் அவரைச் சாப்பிட விடாமல் பிடித்து வைத்திருந்தது. அதைப் பிடுங்க என்னைத் தவிர வேறு ஆளில்லை.

"அப்பா, நான் வர மாட்டேம்ப்பா" என்றேன். "பாக்க வருவேன். இருக்கறதுக்கு வர மாட்டேன். இந்த நாட்டுக்காரனா மாறிட்டேன். நம்ம பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்."

 அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனிட்டா?"

"அவளுந்தாம்ப்பா."

"பிள்ள?"

"அவளுந்தான்."

"எப்ப?"

"போன மாசம்."

 கோபப்படுவார், அழுவார், நாசமாய்ப் போ என்பார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா போனைக் கட்டில் ஓரத்தில் போட்டுவிட்டு அவர் நெஞ்சைத் தடவப் போனாள் போலிருக்கிறது. எனக்குக் கூரைத் தகடு மட்டும்தான் தெரிந்தது. துண்டிக்க மனம் வராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அப்பா குரல் கேட்டது.

"ஸ்டெல்லா, பிள்ளைகளுக்கு வாங்குன பாலு இருக்கா?"

அவள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"காச்சி நல்லா ஆத்திக் கொண்டா. சாயாத்தூள் போடாத. வெறும் பாலு."

"அப்பா, பொருத்தன?" என்றாள் அவள்.

"அவன் வரணும்னுதான வச்சேன்" என்றார் அப்பா. "இனி எதுக்கு அது?"

அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. பாலை மாற்றி மாற்றி ஆற்றுகிற சத்தம் கேட்டது. இங்கே எனக்கு இடைவேளை முடிந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை. அவர் குடித்தார். நடுவில் நிறுத்தி, தண்ணீர் கலந்திருக்கிறான் என்று பால்காரனைத் திட்டினார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

6

அப்பா இப்போது தினமும் பால் குடிக்கிறார். பால் பொடி, கப் ஐஸ்கிரீம், தயிர் என்று எதைக் கொடுத்தாலும் மறுப்பதில்லை. வாழைப்பழ ஐஸை ஸ்டெல்லா நிறுத்திவிட்டாள். இனி யாருக்கு அந்தப் பாடு. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னாராம். புண் எப்போது திரும்ப வரும் என்று தெரியாது, இருக்கிற வரைக்கும் சாப்பிடட்டும் என்றும் சொன்னாராம். நீ அன்றைக்கு உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று அண்ணே என்கிறாள் ஸ்டெல்லா. நல்லதுதான். ஒரு மனிதரைச் சாப்பிட வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என் விண்ணப்பம் காதும் பின்னணியும் சரியாகி ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அனுமதி வந்ததும் போவேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பால் சாயா குடிப்பார். அந்தச் சாயாவை நான் எப்படிக் குடிப்பேன் என்றுதான் தெரியவில்லை.

தினமும் அதே நேரத்துக்குப் போன் போடுகிறேன். முன்பெல்லாம் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே எப்ப வர்ற என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் போன் போடாமல் விட்ட நாட்கள் உண்டு. இப்போது அங்கே குளிரா, மழையா என்று கேட்கிறார். பிள்ளை படிக்கிறாளா என்று கேட்கிறார். வேலைக்கு நேரமாகும், வைத்துவிடு என்று அவரே சொல்கிறார். நான்தான் வேறு ஏதாவது கேட்பார் என்று வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுகிறார்.